மின்னணு நடன இசையை இணையத்தில் தேடுவதும் பகிர்வதும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஒலிபெருக்கி வாடகைக் கடை நடத்துகிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று வேலை இருக்கும். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் கடையின் மேல்மாடி அறையில் ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் முதலிய இசையைக் கேட்பதற்காகக் கட்டபெட்டு, அரவேணு, குன்னூர் பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவது வழக்கம். இந்த இசையை நேரில் கேட்பதற்கான கிளப் எங்கள் ஊரில் கிடையாது. ஆகவே அது எங்களிடம் வந்து சேர்வதும், எங்கள் பிள்ளைகள் செய்வது வெளியே போவதும் இணையத் தளங்கள் வழியாகத்தான் நடக்கின்றன.

அந்த அறையிலும் கடை வாசலிலும் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு முறை விளக்கியதை மறுபடி விளக்காமல் முந்தைய பதிலைச் சுட்டுவதற்காகக் கேள்விகளுக்கு எண் இட்டிருக்கிறேன்.

1. அண்ணா, எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் என்றால் கல்யாண வீட்டில் டிஜே போடும் குத்துப் பாட்டுதானே?

இரண்டுக்கும் உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. கல்யாண வீட்டில் ஒலிப்பது பெரும்பாலும் திரைப்பாடலின் மேல் தாளம் கூட்டிய வடிவம். மின்னணு நடன இசையோ தாளம் எழுப்பும் டிரம் மெஷின், மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் சிந்தசைசர், பிற்காலத்தில் கணினி ஆகியவற்றைக் கொண்டே ஆடுவதற்கென்று உருவாக்கப்படுவது. சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளை இணைத்து ஒலிக்கவிட்ட முறையிலிருந்து ஹவுஸ் பெயர் பெற்றது. டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவர் 1980களில் டெக்னோவுக்கு உருவம் கொடுத்தார்கள். ஹவுஸ் நிமிடத்துக்கு 120 முதல் 130 அடி வரை ஓடும். டிரம் அண்ட் பேஸ் என்ற இன்னொரு வகை 170ஐத் தாண்டும். இந்த எண்ணைத்தான் பிபிஎம் என்கிறோம்.

வடிவமும் வேறு. ஒரு பாட்டு ஆறேழு நிமிடம் நீளும். முதல் ஒரு நிமிடம் வெறும் தாளமாகவே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் வாலில் அடுத்த பாட்டின் தலையைப் பொருத்துவதற்கு டிஜேவுக்கு அந்த இடம் தேவைப்படுகிறது. நீளமானது, பெரும்பாலும் சொற்கள் இல்லாதது, தனிப் பாட்டாக இல்லாமல் தொடராகக் கேட்கப்படுவது என்ற இந்த மூன்று இயல்புகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிப் பதில்கள் தாமாகவே விளங்கும்.

இது நமக்கு அந்நியமான இசை என்று நினைப்பவர்களிடம் நான் சரண்ஜித் சிங்கைப் பற்றிச் சொல்வேன். மும்பையில் இந்தித் திரையிசைக்குக் கிதார் வாசித்த அவர், 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் 808 டிரம் மெஷினையும் 303 பேஸ் கருவியையும் வைத்துக்கொண்டு இராகங்களை நடனத் தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அதை வாங்க ஆளில்லை. 2010இல் ஒரு டச்சு லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) மறுபடி வெளியிட்டபோது, ஆசிட் ஹவுஸ் என்று சிகாகோ பின்னர் பெயரிட்ட ஒலியை ஓர் இந்தியர் முன்பே தொட்டிருந்தார் என்ற செய்தி இணையத்தில் நாடு நாடாகப் பரவியது. வயதான காலத்தில் அவர் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார். 28 ஆண்டுகள் காத்திருந்த ஓர் இசை இப்படிக் கேட்கப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

2. எல்லாப் பாட்டும் ஒரே செயலியில் கிடைக்காதா? எதற்கு நான்கைந்து தளம்?

ஒவ்வொரு தளமும் வேறு வேறு ஆட்களுக்காகப் பிறந்தது என்பதே காரணம். 2004இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கிய பீட்போர்ட் டிஜேக்களுக்கான கடை. பாட்டின் பிபிஎம், சுருதி, வகை எல்லாம் எழுதியிருக்கும். அங்கே விற்பனைப் பட்டியலில் ஏறுவதை இந்தத் துறையில் பெருமையாகக் கருதுகிறார்கள். 2008இல் பெர்லினிலிருந்து வந்த சவுண்ட்கிளவுட் இசை செய்பவர்கள் முடிந்ததும் முடியாததுமாகப் பதிவேற்றும் இடம். அங்கே பாட்டு ஓர் அலைக்கோடாகத் தெரியும். எந்த நொடியில் என்ன தோன்றியதோ அந்த நொடியின் மேலேயே கருத்து எழுதலாம். அதே ஆண்டு தொடங்கிய பேண்ட்கேம்பில் கலைஞரிடமிருந்தே பாட்டை வாங்கிக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம். மிக்ஸ்கிளவுட் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஓடும் டிஜே தொகுப்புகளுக்கும் வானொலி நிகழ்ச்சிகளுக்கும் உரியது. யூடியூபில் டிஜேக்கள் வாசிப்பதைப் பார்க்கலாம். 2010இல் இலண்டனில் ஒரு சிறு அறையில் கேமரா வைத்துத் தொடங்கிய பாய்லர் ரூம் நிகழ்ச்சிகளை மலைக்கும் காட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தது அதுதான்.

ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் போன்றவை எல்லோருக்குமான பொதுச் சந்தை. சந்தையில் எல்லாக் காயும் கிடைக்கும் என்றாலும் விதைக்கு வேறு இடம்தான் போக வேண்டும். நான் பழக்கப்படுத்துகிற வரிசை இது: மிக்ஸ்கிளவுடிலோ யூடியூபிலோ ஒரு முழுத் தொகுப்பைக் கேளுங்கள், பிடித்த பாட்டின் பெயரைப் பிடியுங்கள், அதைச் செய்தவரையும் வெளியிட்ட லேபிளையும் டிஸ்காக்ஸில் பாருங்கள், அந்த லேபிளின் பிற வெளியீடுகளைப் பேண்ட்கேம்பில் கேளுங்கள். டிஸ்காக்ஸ் 2000இல் மின்னணு இசைத்தட்டுகளின் அட்டவணையாகவே தொடங்கப்பட்டது. எவர் எந்தப் பெயரில் எந்த ஆண்டு என்ன செய்தார் என்று தேட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

3. ஸ்பாட்டிஃபையில் ஒரு வாரம் டெக்னோ கேட்டேன். இப்போது ஒரே மாதிரிதான் வந்துகொண்டே இருக்கிறது. நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. பரிந்துரைக்கும் கணினி முறைக்கு இசை கேட்கத் தெரியும் என்று எண்ணிக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது முக்கியமாகப் பார்ப்பது மனிதர்களின் நடத்தையை: இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள், தங்கள் பட்டியல்களில் எவற்றை அருகருகே வைத்தார்கள், எங்கே தாண்டினார்கள், எதைச் சேமித்தார்கள். பலர் கேட்ட பாட்டுக்குத் தடயம் நிறைய இருக்கும். ஆகவே அது இன்னும் பலருக்குப் போகும். சிலரே கேட்ட பாட்டுக்குத் தடயம் இல்லை. ஆகவே அது எவருக்கும் போகாது.

இதில் மின்னணு நடன இசைக்கு இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்காகும். முதல் ஒரு நிமிடம் வெறும் தாளமாக இருக்கும் பாட்டை, பழக்கமில்லாதவர் 20 நொடியிலேயே தாண்டிவிடுவார். அந்தத் தாண்டல் பாட்டின் மேல் விழுந்த கரும்புள்ளியாகிவிடும். இதனால் பலர் முன்பகுதியை வெட்டி மூன்று நிமிடப் பதிப்பைத் தனியாக வெளியிடுகிறார்கள். நம் செயலிகளில் நுழையும்போது கேட்கப்படும் மொழி பற்றிய கேள்வி இரண்டாவது சிக்கல். தமிழ் என்று குறித்தவருக்குத் தமிழ்த் திரைப்பாடல் வரும். சொல்லே இல்லாத இசைக்கு அந்தக் கேள்வியில் இடம் எங்கே இருக்கிறது?

செய்யக்கூடியது ஒன்றுதான். பரிந்துரையைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், முடிவாக வைத்துக்கொள்ளாதீர்கள். திங்கட்கிழமை தோறும் வரும் 30 பாட்டுப் பட்டியலில் ஒன்று பிடித்தால், அடுத்த பட்டியலுக்குக் காத்திருக்காமல் அந்த ஒன்றைச் செய்தவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பதிலில் சொன்ன வழியில் போங்கள்.

4. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் நெட்டே வருவதில்லை. எப்படிக் கேட்பது?

ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிச் சரிவில் மரம் விழுந்து கரண்ட் போனால் கோபுரமும் சேர்ந்து போகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கணக்கைத் தெரிந்துகொண்டால் சமாளிக்கலாம். நொடிக்கு 96 கிலோபிட் (கேபிபிஎஸ்) தரத்தில் ஒரு மணி நேர இசைக்கு ஏறக்குறைய 43 எம்பி செலவாகும். 320 தரத்தில் 144 எம்பி. காணொளியாகப் பார்த்தால் இவற்றைவிடப் பல மடங்கு ஆகும். ஆகவே கேட்க மட்டும் வேண்டியதைக் காணொளியில் ஓடவிடாதீர்கள். சிக்னல் நன்றாக இருக்கும்போது செயலியிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். தகரக் கூரையில் மழை கொட்டும்போது செல்பேசியின் ஒலிபெருக்கியில் இந்த இசையைக் கேட்டு "இதில் ஒன்றுமில்லை" என்று முடிவு செய்யாதீர்கள். பாட்டின் உயிர் அடிநாதத்தில் இருக்கிறது. அந்தச் சிறு ஒலிபெருக்கிக்கு அதைத் தரும் வலு கிடையாது. சாதாரண ஒயர் ஹெட்போன் போதும், வேறு பாட்டாகக் கேட்கும்.

5. ஒரு மிக்ஸில் நல்ல பாட்டு வந்தது. ஷசாம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஏன்?

ஒலிக்கும் பாட்டின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஷசாம் 2002இல் இங்கிலாந்தில் தொலைபேசிச் சேவையாகத் தொடங்கியது. அப்போது 2580 என்ற எண்ணை அழைத்துச் செல்பேசியைப் பாட்டுக்கு அருகே பிடிக்க வேண்டியிருந்தது. அன்றும் இன்றும் அது செய்வது ஒன்றே: ஒலியில் உச்சமாக நிற்கும் புள்ளிகளை எடுத்து, அவற்றின் இடைவெளிகளைக் கைரேகை போல ஒப்பிடுகிறது. சுற்றுச் சத்தத்தை அது தாங்கும். வேகமோ சுருதியோ நன்றாக மாறினால் கைரேகையே மாறிவிடுகிறது. டிஜே 124இல் உள்ள பாட்டை 130க்கு இழுத்து, அதன் மேல் இன்னொரு பாட்டின் தாளத்தை ஏற்றியிருந்தால் பாவம், அது என்ன செய்யும்? ஒரு பாட்டு முடிந்து அடுத்தது சேராமல் தனியாக ஓடும் இடத்தில் மறுபடி முயலுங்கள்.

அந்தப் பாட்டு இன்னும் வெளிவராததாக இருக்கலாம் என்பது இன்னொரு காரணம். டிஜேக்கள் நண்பர்கள் அனுப்பும் பாட்டுகளை மாதக்கணக்கில் முன்பே வாசித்துப் பார்ப்பார்கள். பாட்டு வரிசையில் அவற்றுக்கு எதிரே ஐடி என்று மட்டும் எழுதியிருக்கும். அப்படிப்பட்டவற்றை மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும். 1001 டிராக்லிஸ்ட்ஸ் தளத்தில் கேட்பவர்களே பாட்டுகளின் பெயர்களை நிரப்புகிறார்கள். யூடியூபில் நிமிடத்தையும் நொடியையும் குறித்து "இது என்ன பாட்டு" என்று கேட்டால், முன்பின் தெரியாத ஒருவர் ஆறு மாதம் கழித்தாவது பதில் எழுதுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

6. நல்ல பாட்டு கிடைத்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறேன். அது போதாதா?

போடுங்கள், ஆனால் பெயரோடு போடுங்கள். மலையில் எங்களுக்குள் பாட்டு கைமாறும் முக்கிய வழியே ஸ்டேட்டஸ்தான். 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடுகிறது. அதில் ஒலித்த துண்டு யாருடையது என்ற செய்தியும் அதோடு போய்விடுகிறது. மறுநாள் கடைக்கு வந்து "நேற்று நீங்கள் வைத்தீர்களே, டும் டும் என்று, அது" என்று கேட்பவரிடம் என்னால் என்ன சொல்ல முடியும்? செய்தவர் பெயர், பாட்டின் பெயர், கிடைக்கும் இணைப்பு ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு வரி போதும். கேட்பவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்துப் பாட்டுக்குப் போய்விடுவார்; செய்தவருக்கும் அந்தக் கேட்டல் கணக்கில் சேரும்.

7. ரீல்ஸில் செமையாக இருந்தது, முழுப் பாட்டைக் கேட்டால் இழுக்கிறதே?

ரீல்ஸில் வருவது உச்சம் மட்டும். 2020 ஜூன் 29இல் டிக்டாக் தடை செய்யப்பட்டதும் அடுத்த மாதமே இந்தியாவுக்கு வந்த ரீல்ஸ் அந்தப் பழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது: தாளம் நின்று, ஒலி ஏறி, டிராப் (முழுத் தாளமும் மறுபடி இறங்கும் இடம்) விழும் 15 நொடி. பல துண்டுகள் வேகம் கூட்டப்பட்டவை. ஆகவே மூலப் பாட்டு மெதுவாகத் தோன்றும்.

மலை ஏறாமல் உச்சியில் இறக்கிவிட்டால் காட்சி தெரியும், ஏறிய சுகம் தெரியாது. மூன்று நிமிடம் கட்டி எழுப்பியதால்தான் அந்த டிராப்புக்கு எடை வருகிறது. ஒரு முறை, வேறு வேலை எதுவும் செய்யாமல், ஆறு நிமிடமும் உட்கார்ந்து கேளுங்கள். அதன் பிறகும் இழுத்தால் அந்தப் பாட்டு சுமாரான பாட்டுத்தான்.

8. நானே ஒரு பாட்டு செய்து சவுண்ட்கிளவுடில் போட்டேன். பத்துப் பேர்கூடக் கேட்கவில்லை. என்ன செய்ய?

எங்கள் அறைக்கு வரும் ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். அவன் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இலை உருட்டும் இயந்திரத்தின் சுழற்சியைச் செல்பேசியில் பதிவு செய்து வந்தான். நிமிடத்துக்கு 42 சுற்று. மூன்றால் பெருக்கினால் 126, சரியாக ஹவுஸின் வேகம். பித்தளைத் தட்டில் இலை அரைபடும் ஈரமான உரசல் ஒலியை ஹை-ஹாட் (டிரம் தொகுதியின் சிறு தாளத்தட்டு) இடத்தில் வைத்து, உலர்த்தும் இயந்திரத்தின் விசிறி இரைச்சலை அடியில் ஓடவிட்டு, ஆறு நிமிடப் பாட்டாக்கினான். சுருக்கப்படாத வேவ் கோப்பாக அது ஏறக்குறைய 60 எம்பி. மழை இரவில் மூன்று முறை அறுந்து, விடியற்காலையில்தான் ஏறியது. தலைப்பாக "நியூ பீட் 3 ஃபைனல்" என்று வைத்திருந்தான். ஒரு வாரத்தில் 11 பேர் கேட்டார்கள். அதில் எட்டுப் பேர் எங்கள் அறைக்காரர்கள்.

பிறகு உட்கார்ந்து திருத்தினோம். தேயிலைத் தொழிற்சாலை என்பது தெரியும்படி தலைப்பு, வகைக் குறிச்சொல்லாக ஹவுஸ், கூடவே எந்த ஒலி எங்கே பதிவு செய்யப்பட்டது என்று நான்கு வரி விளக்கம், முகப்பில் அந்த இயந்திரத்தின் படம். தேடுபவர் தட்டெழுதும் சொல் பாட்டின் மேல் இல்லாவிட்டால் எந்தத் தளத்தாலும் அதைக் காட்ட முடியாது. அடுத்து, இதே போல இயந்திர ஒலிகளை வைத்து இசை செய்கிறவர்கள் சிலரின் பாட்டுகளை உண்மையாகவே கேட்டு, பிடித்த இடங்களில் கருத்து எழுதினான். மூன்றாம் வாரம் அவனுடைய அலைக்கோட்டில் 2 நிமிடம் 10 நொடியில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் "இது என்ன ஒலி?" என்று எழுதியிருந்தார். அந்த ஒற்றை வரியை அவன் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான். அந்த மனிதர் அதைத் தன் பக்கத்தில் மறுபகிர்வு செய்த பிறகு கேட்டவர்கள் சில நூறு பேர். பெரிய எண் இல்லைதான். ஆனால் எல்லோரும் தேடி வந்து கேட்டவர்கள்.

9. இதில் காசு வருமா? 500 ரூபாய் கொடுத்தால் பத்தாயிரம் பிளே தருகிறோம் என்று மெசேஜ் வருகிறதே?

முதல் பாதிக்குப் பதில்: கொஞ்சம் வரலாம், அதை நம்பி வேலையை விடக் கூடாது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குத் தொகை கணக்கிடப்படும். பேண்ட்கேம்பில் கணக்கு எளிது: கோப்பாக விற்கும் தொகையில் 15 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும்; 2020 மார்ச்சில் கொரோனா காலத்தில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. நூறு பேர் உங்களை உண்மையாகக் கேட்கிறார்கள் என்றால் அவர்களுக்கு நேரடியாக விற்பதே நல்லது.

இரண்டாம் பாதிக்குப் பதில்: வேண்டவே வேண்டாம். அந்தப் பத்தாயிரத்தையும் கேட்பவை இயந்திரங்கள். தளங்கள் கண்டுபிடித்தால் பாட்டே நீக்கப்படும். அதைவிட மோசமானது, மூன்றாம் பதிலில் சொன்ன தடயங்கள் குழம்பிப்போய், உங்கள் பாட்டு யாருக்குப் பிடிக்கும் என்பதே தளத்துக்குத் தெரியாமல் போவது.

10. பழைய தமிழ்ப் பாட்டுக்கு பீட் போட்டு ரீமிக்ஸ் செய்தால் கேஸ் போடுவார்களா? பாட்டு அறுபது வருடம் பழையது.

ஒரு திரைப்பாடலில் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன: பாடல் வரிகள், இசையமைப்பு, ஒலிப்பதிவு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். வரிகளுக்கும் இசையமைப்புக்கும் கணக்கு வேறு. எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்த பிறகு 60 ஆண்டுகள். ஆகவே 1960இல் வந்த பாட்டின் ஒலிப்பதிவு உரிமை முடிந்திருக்கலாம். கவிஞர் 1980களில் மறைந்திருந்தால் வரிகளின் உரிமை 2040களில்தான் முடியும். பாட்டு பழையது என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது.

நடைமுறையில் வழக்குக்கு முன்பே தளம் தடுத்துவிடும். யூடியூபின் கன்டென்ட் ஐடி முறை, உரிமையாளர் கொடுத்து வைத்த ஒலியோடு உங்கள் பதிவேற்றத்தை ஒப்பிடுகிறது. பொருந்தினால் அதைத் தடுப்பதா, அதன் விளம்பர வருமானத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்வதா, சும்மா கண்காணிப்பதா என்பது உரிமையாளரின் விருப்பம். வீட்டில் பழகுவதற்கு எந்தப் பாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிடுவதானால் அனுமதி வாங்குங்கள், அல்லது எட்டாம் பதிலில் வரும் தம்பியைப் போல உங்களைச் சுற்றி இருக்கும் ஒலியை எடுங்கள்.

11. நான் எந்தப் பாட்டையும் திருடவில்லை. முழுக்க நானே செய்தது. ஆனாலும் வேறு யாரோ உரிமை கோருகிறார்களே, எப்படி?

பெரும்பாலும் லூப்தான், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் ஆயத்த ஒலித்துண்டுதான் காரணம். ஸ்பிளைஸ் போன்ற தளங்களில் கிடைக்கும் லூப்களை எவர் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். உங்களுக்கு முன்பே அதே லூப்பைப் பயன்படுத்திய ஒருவர் தன் பாட்டை விநியோகஸ்தர் மூலம் கன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தால், இயந்திரத்துக்கு நீங்கள் அவரிடமிருந்து எடுத்ததாகத் தெரியும். பிறருக்கும் உரிமையுள்ள லூப் அடங்கிய பாட்டை அப்படிப் பதிவது விதிக்கு மாறானது. இருந்தும் பலர் பதிகிறார்கள்.

மறுப்புத் தெரிவிக்கும் படிவத்தில், லூப் எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் பெறப்பட்டது, அதன் உரிம விவரம் என்ன என்று எழுதுங்கள். அந்தச் சான்றுகளை முதல் நாளே சேமித்து வையுங்கள். உரிமைகோரலும் ஸ்டிரைக்கும் (உரிமை மீறலுக்காகச் சேனல் மேல் விழும் எச்சரிக்கைக் குறி) வேறு வேறு என்பதும் தெரிந்திருக்கட்டும்: முன்னதில் பணமோ காணொளியோ போகும், சேனல் போகாது, 90 நாட்களுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

12. நீங்கள் போட்ட மிக்ஸையே எடுத்துவிட்டார்களாமே?

ஆம். எங்கள் அறையின் ஆண்டு நிறைவுக்காக நான் கோத்த இரண்டு மணி நேரத் தொகுப்பு, ஒரு தளத்தில் ஏற்றிய மூன்றாம் நாள் காணாமல் போனது. அதிலிருந்த 26 பாட்டுகளில் ஒன்றுக்கு உரிமைக் கோரிக்கை வந்ததால் முழுவதையும் நீக்கிவிட்டார்கள். பிள்ளைகள் அதன் மேல் எழுதியிருந்த கருத்துகளும் போய்விட்டன. எனக்கு இன்றைக்கும் வருத்தம் அந்தக் கருத்துகளுக்காகத்தான். அதிலிருந்து தொகுப்புகளை மிக்ஸ்கிளவுடில் மட்டுமே ஏற்றுகிறேன். உரிமைச் சங்கங்களோடும் லேபிள்களோடும் ஒப்பந்தம் வைத்துக்கொண்டு இயங்கும் தளம் அது. பாட்டு வரிசையைச் சரியாக நிரப்பினால் உரியவருக்குத் தொகை போகும். ஆறாம் பதிலில் சொன்ன பெயர் விஷயம் அங்கே பணமாகவே மாறுகிறது.

13. கோத்தர் கொள் இசையையும் படுகா பாட்டையும் சாம்பிள் எடுத்து டெக்னோவில் போட்டால் வைரல் ஆகும் இல்லையா?

ஆகலாம். அதனால்தான் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. படுகாப் பாடல்கள் யூடியூபில் ஏராளமாக வருகின்றன. அவற்றைப் பாடி வெளியிடுபவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். செல்பேசியில் கூப்பிட்டுக் கேட்கலாம், கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். கேட்காமல் எடுத்தால் பத்தாம் பதிலில் சொன்னது முழுவதும் இங்கும் பொருந்தும்.

நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் இசை வேறு வகை. கொள் என்ற குழலும் தபட்க் என்ற தோல் கருவியும் சேர்ந்த அந்த இசையில் தெய்வத்துக்கு உரிய மெட்டுகள் வேறு, ஆட்டத்துக்கு உரியவை வேறு, சாவுக்கு உரியவை வேறு. ஒரு பையன் யாரோ பகிர்ந்த காணொளியிலிருந்து நான்கு நொடிக் கொள் ஒலியை வெட்டி, அதைச் சுற்றி ஓர் அழகான டெக்னோ கட்டியிருந்தான். நானும் ரசித்தேன். அதை எனக்குப் பழக்கமான ஒரு கோத்தர் பெரியவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினோம். பத்து நொடிகூட ஆகவில்லை, கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். அது சாவு மெட்டு. வீட்டுக்குள் அதை ஒலிக்கவிட்டதற்காக நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை, "ஆட்டத்துக்குத்தானே வேண்டும், அதற்கு வேறு இருக்கிறது" என்றார்.

சட்டமும் இங்கே ஒன்று சொல்கிறது. பழைய மெட்டுக்குத் தனி ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாசித்தவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, அது 50 ஆண்டுகள் நிற்கும். ஆகவே வாசித்தவரிடம் கேளுங்கள், எந்த மெட்டு, எதற்கு உரியது என்று கேளுங்கள், அவர் பெயரையும் ஊரையும் பாட்டின் தலைப்பிலேயே எழுதுங்கள், வரும் தொகையில் பங்கு கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இணையத்தில் ஏறிய நான்கு நொடிக்கு அதன் வீடு எது என்று தெரியாது; எடுத்துப் போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

14. தம்பி, என் பையன் இந்த மியூசிக்தான் கேட்கிறான். காட்டுக்குள் பார்ட்டி, போலீஸ் பிடித்தது என்று டிவியில் காட்டுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா, உங்கள் பயம் நியாயமானது. இசை கேட்பதால் பையன் கெட்டுப்போவதில்லை. அவன் அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்து தாளம் செய்கிறான் என்றால் அது படிப்பு போன்ற உழைப்புத்தான், ஒரு நாள் அருகில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். கவனிக்க வேண்டியது அழைப்புகளை. எங்கே என்று சொல்லாமல், நுழைவுக் கட்டணத்தை முதலில் வாங்கிக்கொண்டு, கடைசி மணி நேரத்தில் லொகேஷன் அனுப்பும் இரவு நிகழ்ச்சிகளுக்கு எவரும் போக வேண்டாம் என்று நான் எங்கள் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. காட்டெருமையும் கரடியும் நடமாடும் சரிவில் விடிய விடிய பேஸ் அடிப்பதற்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் என் கடையிலிருந்து ஒரு பெட்டியும் போகாது.

15. எல்லாம் நெட்டிலேயே இருக்கிறதே, எதற்கு ஹார்ட் டிஸ்க்கில் வைக்கச் சொல்கிறீர்கள்?

2019இல் மைஸ்பேஸ் தளம், சர்வர் மாற்றும்போது பழைய பதிவேற்றங்கள் அழிந்துவிட்டதாக அறிவித்தது. 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட ஏறக்குறைய 5 கோடிப் பாட்டுகள் என்று அப்போது கணக்கிட்டார்கள். ஒரு காலத்தில் புதிய இசைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். பேண்ட்கேம்பும் 2022இல் ஒரு முறை, 2023இல் ஒரு முறை என்று இரண்டு தடவை கைமாறிவிட்டது. நல்ல தளமாக இருந்தாலும் அது இன்னொருவர் வீடு.

உங்கள் பாட்டின் வேவ் கோப்பும், அதைச் செய்த மென்பொருளின் திட்டக் கோப்பும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒன்று வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. கோத்தகிரிப் பனியில் ஹார்ட் டிஸ்க் ஈரம் வாங்கும். நான் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில், மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு வைக்கிறேன். மாதம் ஒரு முறை எடுத்து ஓட்டிப் பார்க்கிறேன். கோப்பின் பெயரில் செய்தவர், பாட்டு, பிபிஎம், தேதி நான்கும் இருக்க வேண்டும். தேயிலைத் தம்பியின் பாட்டு இப்போது அந்த டப்பாவில், அவன் பெயரோடும் 126 என்ற எண்ணோடும் பதிவு செய்த நாளோடும் இருக்கிறது. "நியூ பீட் 3 ஃபைனல்" என்ற பெயரில் இருந்த பழைய கோப்பை அவனே அழித்துவிட்டான்.